மழைக்கு முன்னால் பிளேடைக் கழற்றுங்கள்

டிராக்டரில் மாட்டுகிற மண் தள்ளும் பிளேடைப் பற்றி ஒரு முழுப் பதிவா என்று கேட்பவர்கள் ஆடி மாதம் ஒருமுறை எங்கள் பக்கம் வந்து பார்க்க வேண்டும்.

எங்கள் வீடு மசினகுடிப் பக்கம். கூடலூருக்குப் போனாலும் மைசூருக்குப் போனாலும் தெப்பக்காட்டைத் தொட்டுத்தான் போயாக வேண்டும். மோயாற்றுப் பாலம், யானைகள் முகாம், அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் காடு. பெரிய ரோட்டில் மரம் விழுந்தாலும் மண் சரிந்தாலும் நெடுஞ்சாலைத் துறை ஆட்கள் ஜேசிபியோடு வந்துவிடுவார்கள். ஆனால் அந்த ரோட்டிலிருந்து பிரிந்து வீட்டுக்கும் தோட்டத்துக்கும் போகிற மண் பாதைக்கு யாரும் வரமாட்டார்கள். ஓடையில் வெள்ளம் வந்து கல்லும் சேறும் பாதையில் ஏறி நின்றால் நாங்கள்தான் ஒதுக்க வேண்டும். அதற்கு எங்களிடம் இருப்பது ஒரு சின்ன டிராக்டரும், அதன் பின்னால் லிங்கேஜில் மாட்டுகிற ஐந்தடி பிளேடும்தான்.

நீலகிரியில் மழை எப்படி வரும் என்பது வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரிவதில்லை. 2009 நவம்பரில் மூன்று நாள் விடாமல் கொட்டிய மழையில் குன்னூர், கேத்தி, ஊட்டி வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்ட் 8-ம் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் அவலாஞ்சியில் 820 மில்லிமீட்டர் பதிவானது. தமிழ்நாட்டின் பல ஊர்களுக்கு அது ஒரு வருட மழை. தெப்பக்காடும் மசினகுடியும் மழை மறைவுப் பகுதி, கூடலூர், தேவாலா அளவுக்கு இங்கே கொட்டாது. ஆனாலும் மேலே பெய்த தண்ணீர் எல்லாம் கீழே இறங்கி எங்கள் ஓடைகள் வழியாகத்தான் மோயாற்றுக்குப் போகிறது. மழை ஊட்டியில் பெய்தாலும் சேறு எங்கள் பாதையில் வந்து நிற்கும்.

போன ஆடியில் பக்கத்துத் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ராத்திரி ஓடை பொங்கிப் பாதை மூடிவிட்டது. விடிந்ததும் டிராக்டரை எடுத்தார்கள். பிளேடைச் சாய்த்து வைத்துத் தள்ளினால்தான் சேறு ஒரு பக்கமாக ஒதுங்கும். நேராக வைத்தால் அள்ளியதெல்லாம் முன்னாலேயே குவியும். சாய்ப்பதற்கு நடுவில் ஒரு பின்னைக் கழற்றி அடுத்த ஓட்டையில் போட வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பின் துருவேறி இறுகிப் போய் சுத்தியலால் அடித்தும் அசையவில்லை. கடைசியில் ஆட்கள் மண்வெட்டியோடு இறங்கி, பாதை திறக்க மத்தியானம் ஆனது. வீட்டில் காய்ச்சலோடு ஒரு பெரியவர் படுத்திருந்தார். பிளேடின் முன்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்துக் கொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வேலை செய்கிற முகத்தைப் பார்த்து பிளேடு நன்றாக இருக்கிறது என்று அவர்கள் நினைத்திருந்தார்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான். பிளேடின் முகத்துக்கு ஒன்றும் ஆகாது. மண்ணில் உரசி உரசி அது தானே தன்னைச் சுத்தம் செய்து கொள்ளும். கெட்டுப் போவதெல்லாம் பின்பக்கமும், ஒட்டும் இடங்களும், பின் போகிற ஓட்டைகளும். அதுவும் வேலை நடக்கிற மாதங்களில் அல்ல, கொட்டகை ஓரத்தில் சும்மா கிடக்கிற மாதங்களில்.

பிளேடைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். வளைந்த தகட்டுக்குப் பின்னால் பலத்துக்காக வைத்து வெல்டிங் செய்த பட்டைகள் இருக்கும். ஒவ்வொரு பட்டையும் தகடும் சேரும் மூலையில் ஒரு பிடி மண் தங்கியிருக்கும். தேயிலை விளைகிற எங்கள் மலை மண் புளிப்பு மண். அமிலத் தன்மை இருப்பதால்தான் தேயிலைக்கு அது ஒத்துப் போகிறது. அந்த மண் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, மேலே காய்ந்தாலும் உள்ளே காயாமல், மாதக்கணக்கில் இரும்பைத் தின்று கொண்டே இருக்கும். காற்றில் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பில் துரு வேகம் பிடிக்கும். மழைக்காலத்தில் எங்கள் ஊரில் அதற்குக் கீழே இறங்குகிற மணி நேரம் குறைவு.

அடுத்தது, கீழே போல்ட் போட்டு மாட்டியிருக்கும் கட்டிங் எட்ஜ். இதுதான் நான் கிட்டத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லும் இடம். ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி அந்தப் பட்டையை எடுத்தால், பட்டைக்கும் பிளேடுக்கும் நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு அடை உட்கார்ந்திருக்கும். உளி வைத்துத் தட்டினால் அப்பளம் உடைவது போல ஏடு ஏடாகப் பெயர்ந்து வரும். துரு என்பது இரும்பு குறைவது மட்டுமில்லை. இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு இடத்தை அடைத்துக் கொள்கிறது. அந்த வீக்கம் தடித்த பட்டையையே பிளேடிலிருந்து தள்ளி வளைத்துவிடும், போல்ட்டை இழுத்து நீட்டிவிடும். கட்டிங் எட்ஜ் நடுவில் பிதுங்கி அலை அலையாகத் தெரிந்தால் கல்லில் மோதியதால்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கழற்றிப் பாருங்கள், பாதி நேரம் காரணம் உள்ளே இருக்கும்.

இங்கே உப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கனடாவில் டொரோண்டோ பக்கம் இருக்கும் உறவினர் ஒருவர் வீட்டில் இதே போல் ஒரு சின்னத் தோட்ட டிராக்டரும் முன்னால் ஒரு பிளேடும் வைத்திருக்கிறார். அவருக்கு அது பனி தள்ள. ஒவ்வொரு வருடமும் பனி முடிந்ததும் அதைக் கழற்றி, கழுவி, சுரண்டி, பெயின்ட் அடிக்கிறார். அங்கே எதிரி பனி இல்லை. ரோட்டில் பனி உறையாமல் இருக்க நகராட்சி கொட்டுகிற உப்பு. அந்த உப்பிலுள்ள குளோரைடு பெயின்ட்டில் எங்கே ஒரு கீறல் இருந்தாலும் உள்ளே புகுந்து அடியில் பரவிவிடும். நம் நாட்டில் பனி தள்ளுவது என்றால் சோஜி லா, ரோதாங் போன்ற கணவாய்களில் எல்லைச் சாலை அமைப்பு செய்கிற வேலை. ஊட்டியில் மார்கழி, தை மாதத்தில் உறைபனி புல்லில் வெள்ளையாகப் படியுமே தவிர, தள்ளுகிற அளவுக்குப் பனி விழுவதில்லை. அதனால் உப்புப் பிரச்சினை நமக்கு இல்லை என்று நினைக்கத் தோன்றும்.

ஆனால் இருக்கிறது. தோட்டத்துக்குப் போடுகிற பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு. டொரோண்டோ ரோட்டில் கொட்டுகிற உப்பில் இருக்கிற அதே குளோரைடு இதிலும் இருக்கிறது. உர மூட்டை அடுக்கிய கொட்டகையில், கிழிந்த மூட்டைக்குப் பக்கத்தில் பிளேடைச் சாய்த்து வைத்தால் அது கடற்கரையில் வைத்ததற்குச் சமம். அம்மோனியம் சல்பேட்டும் இரும்புக்கு ஆகாது. இன்னொன்று, எங்கள் மசினகுடிப் பக்கத்துக்கே உரிய விஷயம்: மாட்டுச் சாணி. இங்கே மாடு வளர்ப்பவர்கள் பாலை விட எருவை நம்பி இருப்பது உண்டு. தோட்டங்களுக்கு லாரி லாரியாக எரு போகும். அந்த எருவைக் குவிக்கவும் லோடு ஏற்றத் தள்ளவும் இதே பிளேடைத்தான் பயன்படுத்துகிறோம். சாணி, மூத்திரம் கலந்த எருவில் உப்பும் அம்மோனியாவும் ஈரமும் ஒன்றாக இருக்கின்றன. எரு தள்ளிய அன்று சாயங்காலமே பிளேடைக் கழுவிவிட வேண்டும். மறுநாள் என்று தள்ளிப் போடக் கூடாது.

சரி, வேலைக்கு வருவோம்.

எப்போது செய்வது என்பதுதான் முதல் கேள்வி. எங்கள் பக்கம் மாசி, பங்குனிதான் சரியான காலம். வடகிழக்கு மழை முடிந்து, காற்று காய்ந்து, கோடை மழைக்கு இன்னும் நாள் இருக்கும். சித்திரையில் இடி மழை ஆரம்பித்துவிட்டால் நாளைக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் இதே மாசி, பங்குனிதான் காட்டுத் தீக் காலமும். முதுமலையில் வனத்துறை தை மாதத்திலிருந்தே தீத்தடுப்புக் கோடுகள் போட ஆரம்பித்துவிடும். ரோட்டோரப் புல்லைச் செதுக்கி, எரித்து, தீ தாண்டாத வெற்று நிலமாக்குவார்கள். 2019 பிப்ரவரியில் பக்கத்திலுள்ள பந்திப்பூரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்தது இந்தப் பக்கத்து மக்களுக்கு மறக்காது. பிளேடைச் சுத்தம் செய்யும்போது கிரைண்டரிலிருந்து பறக்கிற பொறி பத்தடி தாண்டிப் போய் விழும். உண்ணிச்செடியும் காய்ந்த புல்லும் வேலி வரை நிற்கிற இடத்தில் அந்த ஒரு பொறி போதும். அதனால் கிரைண்டர், வெல்டிங் வேலை எதுவானாலும் சிமென்ட் தரையில், சுற்றிலும் தண்ணீர் தெளித்து, ஒரு டிரம் தண்ணீரும் பச்சைத் தழைக் கிளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். காற்று அடிக்கிற மத்தியானம் வேண்டாம். காட்டை ஒட்டி இருப்பவர்கள் இந்த வேலையை மசினகுடி, கூடலூர் பட்டறையிலேயே செய்து வாங்கிக் கொள்வது நல்லது. நானும் கிரைண்டர் வேலையைப் பட்டறையில்தான் முடிக்கிறேன், வீட்டில் கம்பி பிரஷும் உப்புத்தாளும் மட்டும்தான்.

பட்டறைக்குக் கொண்டு போவதற்கு முன்னால் கழுவ வேண்டும். இதில் வரிசை முக்கியம். முதலில் தண்ணீரில் மண் போக வேண்டும். பிறகு கிரீஸ், எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும். மண்ணெண்ணெயோ டீசலோ தொட்ட பனியன் வேஸ்ட்டால் துடைத்து, அப்புறம் சோப்புத்தூள் தண்ணீரில் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் வைக்க வேண்டும். அதற்கப்புறம்தான் கம்பி பிரஷ். பிசுக்கு இருக்கும்போதே பிரஷ் போட்டால் அந்தப் பிசுக்கைத் தகடு முழுவதும் பூசியது மாதிரி ஆகிவிடும். பெயின்ட் எங்கேயும் பிடிக்காது.

துருவை எடுக்கப் புளி போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. பித்தளைக்கு அது சரி, இரும்பிலும் லேசான துருவுக்கு வேலை செய்யும். ஆனால் புளிப்பை நன்றாகக் கழுவி எடுத்து உடனே காய வைக்காவிட்டால் மறுநாளே ஆரஞ்சு நிறத்தில் பூத்து நிற்கும். மூலை முடுக்கில் பிரஷ் போகாத இடத்துக்கு, கடையில் ரஸ்ட் கன்வர்ட்டர் என்று விற்கிற பாஸ்பாரிக் அமிலக் கலவை உதவும். மிச்சமிருக்கிற மெல்லிய துருவை அது கறுப்பான பாஸ்பேட் படலமாக மாற்றும். ஏடு ஏடாகத் தொங்குகிற துருவின் மேல் அதை ஊற்றினால் பிரயோஜனம் இல்லை. சுரண்ட வேண்டியதைச் சுரண்டித்தான் ஆக வேண்டும்.

பட்டறையில் சின்னச் சுத்தியலை எடுத்துப் பிளேடு முழுவதும் தட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். நல்ல தகடு கணீர் என்று கேட்கும். உள்ளே அரித்த இடம் மொத்தென்று கேட்கும். எங்கள் பட்டறை அண்ணன் காதிலேயே கண்டுபிடித்துச் சாக்பீஸால் வட்டம் போட்டு வைப்பார். அவரிடம் வேலை பழகுகிற பையன் ஒருநாள், "அண்ணா, இந்த இடம் நல்லாத்தானே இருக்கு, மேலயே பெயின்ட் அடிச்சுட்டா என்ன?" என்று கேட்டான். அவர் நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை. "அடி தம்பி. வர்ற ஆடிக்கு பெயின்ட்டு தனியா நிக்கும், இரும்பு தனியா நிக்கும். அப்ப மறுபடி நீதான் சொரண்டணும்" என்றார். அந்தப் பையன் அந்த வட்டத்தை வெள்ளை இரும்பு தெரிகிற வரை தேய்த்ததை நான் நின்று பார்த்தேன். பொட்டு பொட்டாகக் குழிகள் தெரிந்தன. குழிக்குள் கறுப்பு இருக்கும் வரை அவர் விடவில்லை.

விரிசல் இருந்தால் பெயின்ட்டுக்கு முன்னால் வெல்டிங். லிங்கேஜ் மாட்டுகிற காதுகளின் அடியில்தான் பெரும்பாலும் விரிசல் வரும், ஏனென்றால் கல்லில் மோதுகிற அதிர்ச்சி எல்லாம் அங்கேதான் சேர்கிறது. வெல்டிங் செய்யும்போது பிளேடை டிராக்டரிலிருந்து கழற்றியே ஆக வேண்டும். மாட்டியபடியே செய்தால் மின்சாரம் டிராக்டர் வழியாக ஓடி வயரிங்கையும் பேரிங்கையும் கெடுக்கும். கட்டிங் எட்ஜில் சாதாரண ராடு வைத்துப் பற்ற வைக்காதீர்கள். அது கடினமான எஃகு. சூடேற்றாமல் வெல்டிங் செய்தால் ஓரத்திலேயே வெடிக்கும். கட்டாயம் செய்ய வேண்டுமென்றால் முன்சூடு கொடுத்து 7018 ராடு, அதுவும் காய்ந்த ராடு. அதைவிடப் பட்டையையே மாற்றிவிடுவது மேல். பெரும்பாலான பட்டைகளுக்கு மேலும் கீழும் ஒரே மாதிரி விளிம்பு இருக்கும். ஒரு பக்கம் தேய்ந்தால் கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் இன்னொரு ஆயுள் கிடைக்கும். பலர் இதைத் தெரியாமலே புதிது வாங்குகிறார்கள். ஆனால் தேய்மானம் போல்ட் ஓட்டையை நெருங்கும் வரை காத்திருக்கக் கூடாது. அப்படி விட்டால் மண் பிளேடின் தகட்டையே அரிக்க ஆரம்பிக்கும். தகட்டைத் திருப்பிப் போட முடியாது.

பெயின்ட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன் பழைய பெயின்ட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய டிராக்டர், பழைய கருவிகளில் இருக்கிற பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு பெயின்ட்டுகளில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவில் 2016-ல் கொண்டு வந்த விதிப்படி ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது, 2017 நவம்பரிலிருந்து அமல். ஆனால் அந்த விதி வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் அடிக்கிற பெயின்ட்டுக்குத்தான். இரும்புக் கருவிக்கு அடிக்கிற தொழிற்சாலைப் பெயின்ட் அதில் வராது. அதனால் சுரண்டும்போது மாஸ்க் போடுங்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். முக்கியமாக, சுரண்டிய தூளைக் கூட்டி அள்ளி மூடி வையுங்கள். மாடு எதையும் நக்கிப் பார்க்கும். பழைய பெயின்ட்டையும் பழைய பேட்டரித் தகட்டையும் நக்கி ஈய விஷம் ஏறி மாடுகள் சாவது உலகம் முழுக்கக் கால்நடை மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். மேய்ச்சல் மாடும் மானும் ஒரே வேலியோரம் நடமாடுகிற ஊரில் இருக்கிறோம். மிச்சத் தின்னரை ஓடையில் ஊற்றுவது, பிரஷ் கழுவிய தண்ணீரை வாய்க்காலில் விடுவது எல்லாம் செய்யவே கூடாது. எல்லா ஓடையும் மோயாற்றுக்குத்தான் போகிறது. தின்னரைப் பாட்டிலில் தெளிய வைத்தால் மேலே நிற்பதை அடுத்த முறை பிரஷ் கழுவப் பயன்படுத்தலாம்.

இனி முதல் பூச்சு. சுத்தம் செய்த இரும்பை அன்றைக்கே பிரைமர் போட்டு மூட வேண்டும். ராத்திரி திறந்து வைத்தால் காலையில் மெல்லிய துரு படிந்திருக்கும். எந்த நேரத்தில் அடிப்பது என்பதில் எங்கள் மலைக்கு ஒரு கணக்கு உண்டு. ராத்திரி குளிரில் இரும்பு காற்றை விட அதிகமாகக் குளிர்ந்துவிடும். காலையில் வெயில் வந்த பிறகும் தகடு வியர்த்துக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருந்தாலும் பெயின்ட் நிற்காது. தகட்டின் சூடு, பனி படிகிற வெப்பநிலையை விடக் குறைந்தது 3 டிகிரி கூட இருக்க வேண்டும் என்பது தொழிற்சாலைகளில் கடைப்பிடிக்கிற விதி. வீட்டில் கருவி இல்லாதவர்கள் புறங்கையைத் தகட்டில் வைத்துப் பார்க்கலாம். சில்லென்று இருந்தால் பொறுக்க வேண்டும். எங்கள் பக்கம் காலை பத்து மணிக்குமேல் ஆரம்பித்து மத்தியானம் இரண்டு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. சாயங்காலம் அடித்த எனாமல் காய்வதற்குள் பனி இறங்கினால் பளபளப்பு போய் வெள்ளை பூத்த மாதிரி ஆகிவிடும்.

எதை அடிப்பது? எல்லாக் கடையிலும் கிடைப்பது ரெட் ஆக்சைடு. விலை குறைவு, பிரஷிலேயே அடிக்கலாம். ஆனால் ரெட் ஆக்சைடு மட்டும் அடித்துவிட்டு அப்படியே விடுவது நம் ஊரில் பரவலாக இருக்கிற பழக்கம், அது தவறு. பிரைமர் என்பது மேல் பூச்சைப் பிடித்துக் கொள்வதற்காகச் செய்தது. தனியாக அது மழையைத் தாங்காது, ஈரம் அதன் வழியாக உள்ளே போகும். கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் நல்லது. இன்னும் செலவு செய்ய முடிந்தால் இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிற எப்பாக்ஸி பிரைமர். அது இரும்பைப் பிடிக்கிற பிடியே வேறு. எப்பாக்ஸி வெயிலில் சுண்ணாம்பு மாதிரி பொடிந்து போகும், அதனால் மேலே எனாமலோ பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட்டோ அவசியம். எதை எடுத்தாலும் டப்பாவில் எழுதியிருக்கிற இடைவெளியை மதியுங்கள். முதல் பூச்சு காய்வதற்குள் அடுத்ததைப் போட்டால் உள்ளே தின்னர் சிக்கிக்கொண்டு பெயின்ட் மாதக்கணக்கில் மெத்தென்றே இருக்கும். கனமாக ஒரு பூச்சை விட மெல்லியதாக இரண்டு பூச்சு எப்போதும் மேல்.

நான் பிரஷைப் பரிந்துரைக்கிறேன், ஸ்ப்ரேயை அல்ல. ஸ்ப்ரே பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பட்டை சேருகிற மூலையில், வெல்டிங் மேடு பள்ளத்தில், போல்ட் ஓட்டை விளிம்பில் பெயின்ட்டைத் தேய்த்து ஏற்றுவது பிரஷ்தான். அந்த இடங்களுக்கு மட்டும் முதலில் ஒரு பூச்சு தனியாகப் போட்டுவிட்டு, பிறகு பின்பக்கம் முழுவதும் அடியுங்கள். கூரான விளிம்பில் பெயின்ட் எப்போதும் மெலிந்துதான் நிற்கும், துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். கட்டிங் எட்ஜை மறுபடி மாட்டுவதற்கு முன் அது உட்காருகிற இடத்துக்கும், பட்டையின் உட்பக்கத்துக்கும் பெயின்ட் அடித்துக் காய வைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டினால் நடுவில் தண்ணீர் தங்காது. போல்ட்டுகளைப் புதிதாகப் போடுவது நல்லது. தலை பள்ளத்துக்குள் உட்காரும் சதுரக் கழுத்துப் போல்ட்தான் வேண்டும், சாதாரண போல்ட் தலை மண்ணில் உரசித் தேய்ந்துவிடும். சாமான் வாங்க மைசூர் போகிறவர்கள் முன்கூட்டியே போய் வாருங்கள். இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பந்திப்பூர் ரோடு மூடியிருக்கும், அவசரத்துக்கு ஓட முடியாது.

முன்பக்கத்துக்கு விலை உயர்ந்த பெயின்ட் அடிப்பதில் அர்த்தமில்லை. முதல் லோடு மண்ணிலேயே அது போய்விடும். அங்கே சுத்தமான இரும்பாகவே விட்டு, வேலை முடிந்த ஒவ்வொரு முறையும் கழுவிக் காய வைத்து மெல்லியதாகக் கிரீஸ் துடைத்து வையுங்கள். வண்டியிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயைத் தடவுகிற வழக்கத்தை விட்டுவிடலாம். அது வழிந்து மண்ணில் இறங்குகிறது, மழையில் ஓடைக்குப் போகிறது. நிறத்தைப் பொறுத்தவரை, பின்பக்கத்துக்கு நான் வெளிர் நிறம்தான் அடிப்பேன். மஞ்சளிலோ வெளிர் சாம்பலிலோ ஒரு மயிரிழை விரிசலும் துருக் கோடாகக் கண்ணில் படும். கறுப்பு அடித்தால் உடைந்த பிறகுதான் தெரியும்.

பெயின்ட் படக் கூடாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். பின், பின் ஓட்டை, மரை, கிரீஸ் நிப்பிள், டாப் லிங்க்கின் திருகு. இவற்றுக்குத் துணி சுற்றியோ கிரீஸ் தடவியோ மூடிவிட்டுத்தான் பிரஷைத் தொட வேண்டும். முன்பக்கம் டோசர் பிளேடு மாட்டியவர்கள் ஹைட்ராலிக் ஜாக்கியின் பளபளப்பான தண்டில் ஒரு சொட்டுக் கூட விழாமல் பார்த்துக் கொள்ளுங்கள். அதில் ஒட்டிய பெயின்ட் உள்ளே போகும்போது சீலைக் கிழிக்கும். நிப்பிள்களுக்குப் பழைய கிரீஸ் வெளியே வழிகிற வரை கிரீஸ் கன்னால் அடியுங்கள். வெளியே வருகிற கிரீஸ் செம்மண் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. சுத்தமான நிறம் வரும் வரை நிறுத்தாதீர்கள். மாதம் ஒருமுறை, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லாப் பின்னையும் ஒரு தடவை கழற்றித் துடைத்துக் கிரீஸ் தடவி மாட்டினால் அவசர நேரத்தில் சுத்தியல் தேவைப்படாது.

வைக்கிற இடம் கடைசி. தரையில் நேராக வைக்காமல் இரண்டு மரக்கட்டையின் மேல் வையுங்கள். தார்ப்பாயை இறுக்கிச் சுற்றினால் உள்ளே ஈரம் பூட்டிக்கொள்ளும். மேலே மறைப்பு இருக்கட்டும், பக்கவாட்டில் காற்று ஓடட்டும். டிராக்டரில் மாட்டியே வைத்திருந்தால் பிளேடைக் கட்டையில் இறக்கித்தான் வைக்க வேண்டும். தூக்கி நிறுத்திய பிளேடின் அடியில் எந்தக் காரணத்துக்காகவும் யாரும் போகக் கூடாது. ஹைட்ராலிக்கை நம்பி அடியில் படுத்து போல்ட் முடுக்கியவர்கள் உயிரை விட்டிருக்கிறார்கள்.

ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். இவ்வளவும் இருக்கிற பாதையில் விழுந்த மண்ணை ஒதுக்குவதற்காக. புதிதாகச் சரிவை வெட்டுவதற்கு இல்லை. நீலகிரியில் இயந்திரம் வைத்து மண் வெட்ட மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், அந்தக் கட்டுப்பாடு இருக்க வேண்டியதுதான். சரிவின் அடியை வெட்டினால் அடுத்த மழையில் மேலே இருக்கிற வீடு இறங்கும். ஒதுக்குகிற மண்ணையும் ஓடையில் தள்ளாமல் பாதையின் மேட்டுப் பக்கம் குவியுங்கள்.

இதைப் படிக்கிற நேரம் மழைக்கு இன்னும் நாள் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பிளேடைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். பெயின்ட் அடிக்க இந்த வருடம் வசதிப்படாவிட்டாலும் பரவாயில்லை. மண்ணைச் சுரண்டி எடுத்து, பின்களைக் கழற்றித் துடைத்து, கிரீஸ் வைத்து விடுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் வயதானவர்கள் தனியாக இருந்தால் அவர்கள் பிளேடையும் ஒரு தடவை பார்த்துக் கொடுங்கள்.